அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் இன்டர்வியூ

மூன்று வாரத்துக்கு முன்னால், இலங்கை மலையகத்தில் இருக்கிற வட்டகொடையில், என் சொந்த அண்ணனின் புது வீட்டை மூன்று வெளிநாட்டு அதிகாரிகள் முன்னிலையில் குறை சொன்னேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்!

வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இது நான் ஜெயித்த கதை. தோற்ற கதைகளை எத்தனை வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படித்தீர்கள்தானே? இதையும் படியுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் பதினான்கு வருஷம் வீடும் காணியும் மதிப்பிட்டவள் நான். வீட்டைக் காட்டிக் கடன் கேட்பவர்கள் வங்கிக்குப் போவார்கள். வங்கி என்னை அனுப்பும். போய், அளந்து, சுவரைத் தட்டி, ஈர வாடை வருகிறதா என்று மோந்துகூடப் பார்த்து, இந்த வீடு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இறம்பொடைப் பக்கம் போனாலும் தலவாக்கலைப் பக்கம் போனாலும் எனக்கு ‘வெலுவேஷன் மிஸ்’ என்றுதான் பெயர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண் வந்து பங்களாவுக்கு விலை சொல்வதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளிக்கட்டுமே... ரிப்போர்ட்டின் கீழே இருந்தது என் கையெழுத்து.

பிறகு கணவருக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. போனோம். அங்கே போய் இறங்கிய அன்று என் கையெழுத்து செல்லாக் கையெழுத்து ஆகிவிட்டது.

சர்ச்சில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து அக்கா முதல் மாதமே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “குறை நினைக்காதேங்கோ ரீட்டா. உங்கட அங்கத்தைய அனுபவம் இஞ்ச எடுபடாது. வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற கோர்ஸ் ஒண்டு இருக்கு. ஆறு மாசந்தான். நானும் அதைத்தான் செய்தனான்.”

அவர் ஊரில் கணித டீச்சராக இருந்தவர். எவ்வளவு நல்ல மனசோடு சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் எனக்கு என் வேலைதான் வேண்டும்! பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்த வீடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஒரு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் ஹெலன் – எனக்கு மேலதிகாரி, கறாரான பெண்மணி – என்னையும் வீடு பார்க்கக் கூட்டிப்போகத் தொடங்கினாள். நான் பார்ப்பேன், நான் எழுதுவேன். கையெழுத்து மட்டும் அவள் போடுவாள். அந்த நாட்டு மதிப்பீட்டாளர் சங்கத்தில் பதிவு பெறாதவர்கள் கையெழுத்துப் போட முடியாது.

முதல் ரிப்போர்ட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

நகரத்துக்கு வெளியே, குன்றடியில் ஒரு வீடு. எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்து எழுதினேன். ‘நிலத்தின் தன்மை’ என்று கேட்டிருந்த இடத்தில் ‘சமதளம்’ என்று போட்டேன். ஹெலன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ரீட்டா, அங்கே காரை நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக்கை நான் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். நீ சமதளம் என்கிறாயா?”

எனக்கு நிஜமாகவே சமதளமாகத்தான் தெரிந்தது! எங்கள் லயத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் முப்பது படி. கிரிக்கெட் ஆடினால் மட்டை பிடிப்பவன் மேலே நிற்பான், பந்து போடுபவன் கீழே நிற்பான். வைத்த குடம் உருளாமல் நிற்கிற இடமெல்லாம் எங்களுக்குச் சமதளம்தான். ஹட்டனில் என் ரிப்போர்ட்டைப் படித்த வங்கிக்காரர்களும் மலையில் ஏறி இறங்கி வாழ்ந்தவர்கள் என்பதால், பதினான்கு வருஷத்தில் ஒருவர்கூட ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதில்லை.

திருத்தினேன். ஆனால் திருத்திய பழைய பிரதிகளையும் சேர்த்துத்தான் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அங்கே விதி. என் ‘சமதளமும்’ ஃபைலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இன்டர்வியூவுக்குத் தேதி வந்தது. எப்போது? அண்ணன் புது வீட்டு ஆசீர்வாதத்துக்கு நான் ஊருக்குப் போகிற அதே வாரத்தில்! விட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதோடு ஹெலன் முன்பே சொல்லியிருந்தாள்: நிறுவனத்தில் ஓர் இடம் காலியாகிறது; பதிவு கிடைத்தால் அது எனக்கு; கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள், நான் பழையபடி டைப் மேசைக்குப் போக வேண்டியதுதான். ஆன்லைன் இன்டர்வியூதானே, எங்கே இருந்தாலும் பேசலாமே என்று விமானம் ஏறினேன். வட்டகொடையின் கரண்டைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

என் அண்ணன் அந்தோனி தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு. அதாவது, மலைகளில் நடக்கிற வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். இத்தனை வருஷம் தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்குச் சற்று மேலே பன்னிரண்டு பேர்ச், அதாவது ஏழரை சென்ட், காணி வாங்கி வீடு கட்டியிருந்தார். சொந்தக் காணியில் சொந்த வீடு, எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் தடவை. காணி உறுதிப் பத்திரத்தில் அவர் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு முன் விறாந்தையின் டைல்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. சனிக்கிழமை ஃபாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்கிறார். அதற்கு முன் எனக்கு இந்தப் பரீட்சை. மேலே கோட், கீழே இடுப்பில் சுற்றிய அண்ணியின் சீத்தைத் துணியும் ரப்பர் செருப்பும். கேமராவுக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்?

லேப்டாப்பில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் தலைமை வகிக்கும் அம்மா, வெள்ளை முடி, சிரிக்காத முகம். ஒரு பக்கம் ஒல்லியான ஒருவர். மறுபக்கம் தாடிக்காரர். வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி... கரண்ட் போனது. மூன்று முகங்களும் போயின.

“ஐயோ, அண்ணி!”

அண்ணி குசினியில் அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தார். “கரண்டு போனா வைஃபை எங்க வேல செய்யும்? போன எடுத்துக்கிட்டு பின்னால தண்ணி டேங்குகிட்ட போங்க ரீட்டா. அங்க மட்டுந்தான் சிக்னல் இருக்கும். ஒங்க அண்ணன் அங்க நின்னுதான் ஊருக்கெல்லாம் பேசுவாரு.”

ஓடினேன். வெளியே தூறல். அண்ணன் குடையோடு என் பின்னாலேயே ஓடி வந்தார். அவசர அவசரமாகப் போனில் மறுபடி இணைந்தேன். மூன்று முகங்களும் திரும்பி வந்தன... நல்லவேளை, காத்திருந்தார்கள்.

“உங்களுக்குப் பின்னால் இருப்பது தேயிலையா?” தாடிக்காரர் கேட்டார்.

“ஆமாம்.”

“ஓ, எவ்வளவு அழகு!”

அழகுதான். ஆனால் என் நேரத்தில் ஏழு நிமிஷம் அந்த அழகுக்கே போய்விட்டது. டூரிஸ்ட் கைடு இன்டர்வியூவுக்கா வந்தேன்? எரிச்சலை விழுங்கிக்கொண்டு நின்றேன். அப்போது ஒல்லியானவர் ஒரு காகிதத்தை எடுத்தார். எந்தக் காகிதம் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது.

“இந்த ரிப்போர்ட்டில் நிலம் சமதளம் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் நிலம் சரிந்து கிடக்கிறது. விளக்க முடியுமா?”

போனின் கேமராவை எதிர் மலைக்குத் திருப்பினேன். பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைக்கு மேலே இன்னொருவரின் கால் தெரிந்தது.

“ஐயா, நான் பிறந்த இடத்தில் இதைத்தான் சரிவு என்போம். அதனால் உங்கள் குன்று என் கண்ணில் படவில்லை.” தாடிக்காரர் சிரித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. “ஆனால் எழுதியது தப்பு. என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது படிக்கிறவருக்கு உதவாது. அதற்குப் பிறகு சமதளம், சரிவு என்று வெறுமனே எழுதுவதை விட்டுவிட்டேன். இத்தனை மீட்டர் நீளத்துக்கு இத்தனை மீட்டர் இறக்கம் என்று அளந்து எழுதுகிறேன்.”

ஒல்லியானவர் ஏதோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து அந்த அம்மா. “உங்கள் பக்கத்தில் ஒரு வீடு தெரிகிறதே. அதை மதிப்பிட இப்போது உங்களை அனுப்பியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?”

“முதலில் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இது என் அண்ணனுடைய வீடு. சொந்தக்காரர் வீட்டுக்கு நான் விலை சொல்லக்கூடாது.”

பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான். ‘பிரதர்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணன் குனிந்து கேமராவைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு என் காதில் மெதுவாகச் சொன்னார். “முன்னால கூட்டிட்டுப் போ புள்ள. டைல்ஸ காட்டு!”

“விலை வேண்டாம். எப்படிப் பார்ப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார் அந்த அம்மா.

இது என் பாடம்! பதினான்கு வருஷப் பாடம்!

“முன்வாசல் பக்கம் கடைசியாகத்தான் போவேன். அது வீட்டுக்காரர் எனக்குக் காட்ட ஆசைப்படுகிற பக்கம். மலையில் கட்டிய வீட்டைப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். அதுவும் மழை நாளில் பார்க்க வேண்டும். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மழையில் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பேன். இதோ, இங்கே மண்ணை வெட்டி இடம் எடுத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வெட்டு. மேலே இருந்து வருகிற தண்ணீரை ஓரமாகக் கொண்டுபோக இதன் அடியில் ஒரு...”

அங்கே வாய் நின்றுவிட்டது.

அடியில் ஒரு கான் இருக்க வேண்டும். கான் என்பது தேயிலை மலைகளில் தண்ணீர் ஓட வெட்டுகிற வடிகால். அது இல்லாவிட்டால் மலை நனைந்து ஊறும், ஊறினால் இறங்கும். மண்சரிவு என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் வீட்டுப் பின்னால் கானைக் காணோம். அந்த இடத்தில் புதுச் செம்மண். நன்றாக மிதித்து, தட்டி, மட்டமாக்கி, அதன் மேல் ஆட்கள் உட்கார வாங்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி நீலத் தறப்பாளால் மூடியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை விருந்துக்குப் பந்தல் போட இடம் போதவில்லை. கானை மண் போட்டு மூடிவிட்டார்!

யார்? மலையில் ஒரு கான் அடைபட்டுக் கிடந்தால் அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி ஏசுகிற அந்தோனி கண்டாக்கு! ஊராருக்கு ஒரு சட்டம், தன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு சட்டம். இப்படிப்பட்டவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். சிகரெட்டை விடச் சொல்லிவிட்டு வெளியே வந்து பற்றவைக்கிற டாக்டரை நான் பார்த்திருக்கிறேன்.

போனைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் போதும். பெயின்ட் அடித்த சுவர், புது ஜன்னல், பூந்தொட்டி. மெல்பேர்னில் இருக்கிற மூன்று பேருக்கு வட்டகொடையில் மூடின கான் எப்படித் தெரியும்? பக்கத்தில் அண்ணன். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்த வீடு கட்டியவர், குடையை என் தலைக்கு மேலே பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நிற்கிறார். அவருக்கும் ஆங்கிலம் புரியும். தோட்டத்து மெனேஜரோடு தினமும் பேசுகிறவர்தானே!

சொன்னேன்.

“இதன் அடியில் ஒரு வடிகால் இருந்திருக்கிறது. இப்போது அதை மண் போட்டு மூடியிருக்கிறார்கள். இது பெரிய தவறு.”

தலைக்கு மேலே குடை மெல்ல நகர்ந்தது. என் நெற்றியில் மழை விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று தெரியும். நேராகப் போய் வீட்டின் பின்சுவரில் கையை வைத்தேன்.

“சுவர் அடியில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. பெயின்ட் புதிது, ஆனாலும் இப்போதே உப்பியிருக்கிறது. கட்டடம் நல்ல கட்டடம். அஸ்திவாரமும் கொன்கிரீட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த நிலையில் இதை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று நான் எழுதமாட்டேன். வடிகாலைத் திறந்துவிட்டால் எழுதுவேன்.”

அந்த அம்மா கேட்டார். “இது வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“இப்போது தெரியும். பக்கத்தில்தான் நின்றார்.”

“என்ன சொல்கிறார்?” தாடிக்காரர் கேட்டார்.

“குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.”

தாடிக்காரர் சிரித்தார், ஒல்லியானவரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நன்றி. முடிவை மின்னஞ்சலில் அனுப்புவோம்” என்றார். அழைப்பு முடிந்தது. தலையில் இருந்து தண்ணீர் சொட்ட, சீத்தையும் கோட்டுமாக நின்றேன். பாஸா பெயிலா என்று ஒன்றும் புரியவில்லை. ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் முழுசாக என் வேலையைச் செய்திருந்தேன்.

விறாந்தையில் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வெள்ளக்காரங்க முன்னால என் வீட்ட இப்படிப் பேசிட்டியே ரீட்டா. கட்ட நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணே. அதனாலதான் சொன்னேன்.”

“சனிக்கிழம முடிஞ்சதும் நானே தோண்டிர மாட்டேனா? எனக்குத் தெரியாத கானா?”

“சனிக்கிழம வரைக்கும் மழ காத்துக்கிட்டு இருக்குமா அண்ணே?”

அண்ணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். “நான் ஒரு வாரமா சொல்றேன், பின்சொவரு ஊறுதுன்னு. இந்த மனுசன் காதுல வாங்குனாரா? இப்ப இங்கிலீசுல சொன்ன ஒடனே ரோஷம் வந்துருச்சு!”

மத்தியானம் மழை வலுத்தது. எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்கே தெரியும். மூன்று மணிக்குக் குசினியில் இருந்து அண்ணியின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். பின்கதவுக்கு அடியால் செம்மண் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெட்டின மண்சுவரில் இருந்து ஒரு கட்டி கழன்று கதிரைகள் மேல் விழுந்து கிடந்தது.

அண்ணன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார், மம்பட்டியை எடுத்தார். வெட்டினார் பாருங்கள்... கோபத்தையெல்லாம் அந்த மண்ணில் காட்டினார். நானும் அண்ணியும் சட்டி சட்டியாக அள்ளிக் கொட்டினோம். இரண்டு மணி நேரத்தில் கான் திறந்து, தண்ணீர் சலசலவென்று ஓரமாக இறங்கி ஓடியது. மூன்று பேரும் சேற்றுப் பொம்மைகளாக நின்று அதைப் பார்த்தோம்.

“அந்த மூலையில இன்னும் மண்ணு இருக்கு கண்டாக்கய்யா. இன்னைக்கு ஒங்களுக்கு அரப்பேருதான்!” என்றார் அண்ணி. தோட்டத்தில் வேலையை முடிக்காதவர்களுக்கு அரைநாள் சம்பளம்தான் விழும். அதற்குப் பெயர் அரைப்பேர். எத்தனையோ பேருக்கு அண்ணன் போட்டது! அவர் முறைத்தார். முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். மூலையில் கிடந்த மண்ணையும் எடுத்தார்.

சனிக்கிழமை ஃபாதர் வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். கதிரைகளை ரோட்டோரத்தில் வரிசையாகப் போட்டுவிட்டோம். சாப்பிட வந்தவர்களுக்குப் பஸ்ஸில் போகிறவர்களையும் பார்த்துக் கையசைத்தபடி சாப்பிட வசதியாகப் போயிற்று. நான் மட்டும் தண்ணி டேங்குப் பக்கம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் வந்துகொண்டிருந்தேன். ஆறாவது தரமோ ஏழாவது தரமோ போனபோது போன் ‘டிங்’ என்றது. சனிக்கிழமையிலும் வேலை செய்கிறார்கள் போல, புண்ணியவான்கள்!

பதிவு கிடைத்துவிட்டது. கீழே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். சொந்த அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே உண்மையைச் சொன்ன விண்ணப்பதாரியைத் தாங்கள் இதற்கு முன் சந்தித்ததில்லை என்று. எழுதியவர் அந்தச் சிரிக்காத அம்மா!

நான் போட்ட கூச்சலில் அண்ணன் கறிக் கரண்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் விருந்தில் பாட வந்திருந்த பாட்டுக்காரர்களிடம் இருந்த மைக்கை வாங்கிவிட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! என் தங்கச்சி ரீட்டா இப்ப ஆஸ்திரேலியாவுல பதிஞ்ச வெலுவரு. மொதமொதல்ல பார்த்த வீடு இந்த வீடு. இதுல ஒரு பெரிய கொற கண்டுபிடிச்சா. நான்தான் செஞ்ச கொற. அன்னைக்கே சரி பண்ணிட்டேன். சந்தேகம் உள்ளவங்க பின்னால போயி பாருங்க!”

அவ்வளவு பேர் முன்னால், சொந்த வாயால்! விருந்தாளிகள் பாதிப் பேர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோய்க் கானைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அனுபவம் எல்லை தாண்டாது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? படித்த சான்றிதழுக்கு முத்திரை குத்தத்தான் அந்த நாட்டு ஆள் வேண்டும். ஈரச் சுவரைத் தொட்டதும் தெரிந்துகொள்கிற கைக்கு யாரும் முத்திரை குத்த வேண்டியதில்லை. வெளியூரில் போய் உங்கள் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்... விடாதீர்கள். கொஞ்ச காலம் டைப் அடியுங்கள், பரவாயில்லை.

அன்றைக்குப் பின்னேரம் ஹெலன் கூப்பிட்டாள். வழக்கம்போல வாழ்த்து, கொண்டாட்டம் ஒன்றும் இல்லை, கறார்தான்.

“ரீட்டா, நீ திரும்பி வருகிற திங்கட்கிழமையில் இருந்து உன் ரிப்போர்ட்டில் நீதான் கையெழுத்துப் போடுகிறாய். தப்பு வந்தால் வங்கிக்காரர்கள் என்னைக் கேட்கமாட்டார்கள், உன்னைத்தான் பிடிப்பார்கள்.”

இவ்வளவு இனிப்பான வாழ்த்தை என் ஜென்மத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை!